வன்னியும் வேலிக்காத்தானும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர் மகாசபையில் நிகழ்த்திய பிரசங்கம்)



உங்கள் காரியதரிசி அவர்கள் இம்மகாசபைக்கு என்னை அழைத்து எழுதிய கடிதத்தில், "எந்த மரத்தை வெட்டவேண்டும் என்று சொல்ல அநேகர் வந்து போய்விட்டார்கள், எதை வெட்டக்கூடாது என்பதைத் தாங்கள் வந்து சொல்லவேண்டும்" என்று கேட்டிருந்தார். அக்கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதன்பொருட்டே வந்தேன்.

இன்றைய மகாசபையின் முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. அங்கத்தினர்களுடைய தரிசுப் பட்டாக்களில் மண்டிக் கிடக்கும் வேலிக்காத்தான் மரங்களைத் தனித்தனியே விற்காமல், சங்கத்தின் மூலமாக மொத்தமாக விலை பேசி ஒரு கரி வியாபாரிக்குக் கொடுப்பது என்பது அத்தீர்மானம். அதை எதிர்த்துப் பேச நான் வரவில்லை. ஆயினும் இன்று காலை அந்தத் தரிசுகளைச் சுற்றி வந்தபோது, வெட்டுவதற்கென்று சுண்ணாம்புக் குறி இட்டிருந்த மரங்களில் மூன்று வேலிக்காத்தானே அல்ல என்பதைக் கண்டேன். இரண்டு நாட்டுக் கருவேல், ஒன்று வன்னி. அவ்வன்னியின் அடிமரம் என் இரு கைகளுக்கும் அடங்கவில்லை. உங்கள் பாட்டனார் காலத்து மரம் என்றே சொல்லவேண்டும். குறி இட்டவர்மேல் குற்றம் சொல்லமாட்டேன். முள் இருக்கிறது, சிற்றிலை இருக்கிறது, காய் நீளமாகத் தொங்குகிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றே. இம்மரங்கள் நெருங்கிய உறவினர் ஆனபடியால் வந்த மயக்கம் இது. அந்த உறவே இன்று நான் சொல்லவந்த விஷயமும் ஆகும்.

வேலிக்காத்தானுக்கு நம் ஜனங்கள் சீமைக்கருவேல் என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். பெயரைக் கேட்டால் அது கருவேலுக்குத் தம்பி என்று தோன்றும். உண்மையில் கருவேல் அதற்குச் சற்று எட்டிய உறவு. நெருங்கிய பங்காளி வன்னியே. சென்ற நூற்றாண்டு முழுவதும் தாவர சாஸ்திரிகள் இவ்விரண்டையும் புரோசோபிஸ் என்ற ஒரே குலப்பெயரால் வழங்கி வந்தார்கள். 2022ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் அக்குலத்தைப் பாகம் பிரித்து, அமெரிக்கக் கண்டத்து வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு நெல்டுமா என்று தனிப்பெயர் கொடுத்து, நம் வன்னியைப் பழைய பெயரிலேயே நிறுத்திவிட்டார்கள். பாகம் பிரிந்தாலும் பங்காளி பங்காளிதான். வரப்புத் தகராறு அந்நியரோடு வருவதைவிடப் பங்காளிகளோடு வருவதுதான் அதிகம் என்பதை இச்சபையில் இருப்பவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

இந்த உண்மையை 1859இல் டார்வின் என்ற ஆங்கில அறிஞர் தமது பிரசித்தி பெற்ற நூலில் எடுத்துக் காட்டினார். ஒரே குலத்தைச் சேர்ந்த ஜீவன்கள் ஒரே மாதிரியான உணவையும் இடத்தையும் நாடுவதால், அவற்றுக்குள் போட்டி மிகக் கடுமையாக இருக்கும் என்பது அவர் அபிப்பிராயம். ருஷிய தேசத்தில் ஆசியாவிலிருந்து வந்த சிறு கரப்பான் பூச்சி, தன் குலத்துப் பெரிய கரப்பானை எங்கும் விரட்டியடித்ததை அவர் ஓர் உதாரணமாகச் சொல்லியிருக்கிறார். பின்னர் காஸ் என்ற ருஷிய சாஸ்திரி, கண்ணுக்குத் தெரியாத இரண்டு நுண்ணுயிர் வகைகளைத் தனித்தனிப் பாத்திரங்களில் வளர்த்தார், இரண்டும் செழித்தன. அவற்றையே ஒரு பாத்திரத்தில் சேர்த்து ஒரே உணவைக் கொடுத்தபோது, ஒன்று நிலைத்தது, மற்றொன்று அற்றுப்போயிற்று. அவர் இதை நூலாக வெளியிட்ட ஆண்டு 1934. மாட்டுக்கு வைக்கோலும் கோழிக்குத் தானியமும் என்றால் சண்டை இல்லை. இரண்டு மாட்டுக்கு ஒரே தொட்டி என்றால் கொம்பு வலுத்ததுதான் தின்னும்.

அந்நிய ஜந்து ஒன்று உள்நாட்டு உறவினத்தை ஒழிப்பதற்கு மற்றொரு கதையையும் சொல்கிறேன். குழந்தைகளும் வந்திருப்பதால் அணிலின் கதையாக இருக்கட்டும். பிரிட்டனில் உள்ள நாட்டு அணில் செந்நிறமானது. 1876இல் அமெரிக்காவின் சாம்பல் நிற அணில்களைச் செஷையர் ஜில்லாவில் ஒரு மாளிகைத் தோட்டத்தில் அழகுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். சாம்பல் அணில் உடம்பில் பெரியது. சிவப்பு அணிலுக்குச் சரியாகச் செரிக்காத ஓக் மரத்துக் கொட்டைகளைத் தின்று சீரணிக்கவும் வல்லது. அத்தோடு அதன் உடம்பில் ஒருவித அம்மை நோய் குடியிருக்கிறது. அதற்கு அந்நோயால் பெருந்தீங்கு இல்லை, ஆனால் சிவப்பு அணிலுக்குத் தொற்றினால் பெரும்பாலும் மரணமே. இன்று இங்கிலாந்தின் பெரும்பாகத்தில் சிவப்பு அணிலைக் காணமுடியாது. ஒன்றையொன்று கடித்துக் கொன்றதாக எண்ணவேண்டாம். உண்பதில் முந்தியும், பெருகுவதில் மிஞ்சியும், தன்னை வருத்தாத நோயைப் பிறருக்குக் கொடுத்தும் ஒன்று வென்றது. ஆங்கிள்சி என்ற தீவில் மட்டும் 1998 முதல் விடாமுயற்சியாகச் சாம்பல் அணிலைப் பிடித்து அகற்றி, 2015இல் தீவு அதனிடமிருந்து விடுபட்டதென்று அறிவித்தார்கள். சிவப்பு அணில் அங்கே மீண்டும் பெருகியிருக்கிறது. அந்த வேலைக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது உதவும்.

அதே 1876ஆம் ஆண்டில் நமது சென்னை ராஜதானியில் வேறொரு காரியம் நடந்தது. வனப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த லெப்டினண்ட் கர்னல் பெட்டோம் என்பவர், வறண்ட ஜில்லாக்களில் விறகுப் பஞ்சத்தைத் தீர்ப்பதற்கு அந்நிய தேசத்து புரோசோபிஸ் விதைகளைத் தருவித்துக் கொடுக்கும்படி ரெவினியூ இலாகாவுக்கு எழுதினார். ஜமெய்க்கா தீவிலிருந்து விதை வந்தது. 1877இல் கடப்பை ஜில்லாவைச் சேர்ந்த கமலாபுரத்தில் நட்டார்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்லுவது நியாயமாகாது. அது தாது வருஷப் பஞ்ச காலம். வானம் பொய்த்தாலும் காயாமல் நின்று விறகு கொடுக்கும் மரம் ஒன்று வேண்டும் என்று ஒருவர் தேடியதில் தவறில்லை. பின்னால் ஜோத்பூர் சமஸ்தானத்தில் 1940இல் இதை ராஜ விருக்ஷம் என்று பிரகடனம் செய்தார்கள். குஜராத்தில் உப்பு நிலம் பரவுவதைத் தடுப்பதற்காக 1961 முதல் பன்னி என்னும் பெரிய புல்வெளியில் சுமார் 78,000 ஏக்கரில் இதையே நட்டார்கள். இன்று பன்னியின் மாட்டுக்காரர்கள் புல்லைத் தேடி மரத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, வேலிக்காத்தான் வன்னியை எவ்வாறு ஜெயிக்கிறது என்பதைப் பார்ப்போம். இதைச் சற்று விவரமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இப்போட்டியில் நடுவர் யார் என்பது தெரிந்தால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். நடுவர் உங்கள் வீட்டு வெள்ளாடுதான்.

வன்னியின் இலை ஆட்டுக்கு இனிப்பு. இராஜபுதனத்து விவசாயிகள் வன்னி இலையைக் கழித்து உலர்த்தித் தீவனமாகச் சேமித்து வைக்கிறார்கள், ஒட்டகமும் தின்னும். அதனால் தரையில் முளைத்த வன்னிக் கன்று ஒரு சாண் உயரம் எழும்புவதற்குள் ஆட்டின் வாயில் போய்விடுகிறது. வேலிக்காத்தானின் இலையோ கசப்பும் துவர்ப்பும் உடையது. பசியால் வாடிய ஆடும் அதை முகர்ந்து விட்டுவிடும். ஆனால் அதன் காய் சர்க்கரை போல் இனிக்கும். ஆடு, மாடு, செம்மறி யாவும் அதைத் தேடிப் பொறுக்கித் தின்னும். விதையின் ஓடு மிகக் கடினமானபடியால் பல்லுக்குத் தப்பி வயிற்றில் புகுந்து, அங்குள்ள திராவகத்தில் ஓடு இளகி, புழுக்கையோடு எருவும் சேர்ந்து வெளியே விழுகிறது. மழை பெய்தவுடன் முளைக்கிறது. ஆகவே ஒரே ஆடு ஒரே நாளில் வன்னியின் குழந்தையைத் தின்றுவிட்டு, வேலிக்காத்தானின் குழந்தைக்குத் தொட்டில் கட்டிவிடுகிறது. வன்னியின் காயையும் ஆடு தின்கிறதே என்று கேட்பீர்கள். தின்கிறது, அதன் விதையும் புழுக்கையில் வருகிறது. ஆனால் முளைத்து வந்த கன்றைக் காப்பாற்றுவதற்கு அதன் இலையில் கசப்பு இல்லையே.

உங்கள் பக்கத்தில் தரிசில் கிடை அமர்த்தும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலிக்காத்தான் காய் உதிரும் காலத்தில், காட்டில் காய் தின்று வந்த மந்தையை நேரே கொண்டுவந்து புஞ்சையில் மறித்தால், எருவுக்குக் கொடுத்த கூலியில் விதைப்புக் கூலியும் அடங்கிவிட்டது என்று எழுதிக்கொள்ள வேண்டியதுதான். மேட்டுப் புஞ்சைகளில் திடீரென்று வரிசை வரிசையாக வேலிக்காத்தான் எழும்பிய காரணம் தெரியவில்லை என்று இன்று காலை ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவருடைய புஞ்சையில் எப்போது கிடை போட்டார் என்று கேட்டேன், அவரே சிரித்துவிட்டார்.

இரண்டாவது பலம் வளர்ச்சி வேகம். வன்னி மெள்ள வளரும் மரம். முதல் சில ஆண்டுகள் மேலே வளராமல் வேரைக் கீழே செலுத்துவதிலேயே காலம் கழிக்கும். வேலிக்காத்தான் மேலும் கீழும் ஏக காலத்தில் ஓடும். இதன் உறவான ஒரு மெஸ்கீட் மரத்தின் வேரை, அரிசோனா நாட்டில் சுரங்கம் வெட்டியவர்கள் 53 மீட்டர் ஆழத்தில் கண்டார்கள் என்றால் இக்குடும்பத்தின் வேர்ப்பலத்தை ஊகித்துக்கொள்ளலாம். மேலும் தரைக்கு மேலே வெட்டினால் வேலிக்காத்தான் சாவதில்லை; ஒரு மரம் இருந்த இடத்தில் பத்துக் கிளை கிளம்பி முட்புதராகிவிடுகிறது. இதைப் பற்றித் தீர்மானத்தைக் குறித்துப் பேசும்போது மறுபடியும் சொல்லுவேன்.

மூன்றாவது, நிழலின் தன்மை. இது மற்ற இரண்டையும் விட முக்கியமென்று நான் கருதுகிறேன். வன்னியின் அடியில் கம்பும் பயறும் விளையும் என்பது தார் பாலைவனத்து விவசாயிகள் அனுபவத்தில் கண்டது. அவர்கள் உழும்போது வன்னியைச் சுற்றி உழுவார்களே தவிர அதை எடுக்க மாட்டார்கள். வேலிக்காத்தான் அடியிலோ அதன் கன்றைத் தவிர வேறு பயிர் எளிதில் எழும்புவதில்லை. அதன் இலைச் சருகில் ஊறிய நீர் மற்ற விதைகளின் முளைப்பைக் கெடுக்கிறது என்று பரீட்சைகள் காட்டியிருக்கின்றன. 2012இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இந்தியாவில் வேலிக்காத்தானின் நிழலையும் வன்னியின் நிழலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேலிக்காத்தானின் கீழே செடி வகைகள் மிகவும் குறைந்திருந்தன. வன்னியின் கீழே வெளித்தரையைவிட அதிகமாக இருந்தன. அதிலும் விசேஷம் என்னவென்றால், வேலிக்காத்தானின் தாய்நாடுகளில் ஒன்றான வெனிசுவேலாவில் அதே மரத்தின் கீழே மற்றச் செடிகள் நன்றாகவே வாழ்கின்றன. தன் ஊரில் சாதுவாக இருந்தவன் இங்கே வந்து தாதாவானான். தாய்நாட்டில் அதனோடு நெடுங்காலம் பழகிய செடிகளும், அதைத் தின்னும் பூச்சிகளும் இருக்கின்றன. இங்கே அவை இல்லை.

இவ்விடத்தில் ஒரு வதந்தியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். வேலிக்காத்தான் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மழையை விரட்டுகிறது என்றும், அதன் காற்றுப் பட்டால் பெண்களுக்கும் மாடுகளுக்கும் மலடு உண்டாகும் என்றும் பலர் கைப்பேசியில் பரப்பி வருகிறார்கள். இவற்றுக்கு ஆதாரம் இல்லை. எத்தியோப்பியாவின் அஃபார் நாட்டில் இம்மரம் நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளந்தார்கள். சராசரி ஏழு லிட்டர் என்று கணக்கு வந்தது. ஒரு மரத்துக்கு அது பயங்கரமான அளவன்று. ஆனால் அது வருஷம் முழுவதும், கோடையிலும், பசுமை மாறாமல் குடிக்கிறது. ஒரு மரமல்ல, ஏக்கருக்கு நூற்றுக்கணக்கான மரங்கள் குடிக்கின்றன. உள்ள குற்றமே போதுமானதாக இருக்கும்போது இல்லாத குற்றத்தைச் சுமத்துவானேன்? பொய்ச்சாட்சியால் நல்ல வழக்கும் தோற்றுப்போகும்.

வழக்கு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கென்யா தேசத்தில் பாரிங்கோ என்ற பிரதேசத்து ஆட்டிடையர்கள், தங்கள் சர்க்கார் இம்மரத்தைக் கொண்டுவந்து நட்டதால் ஜீவனம் கெட்டது என்று 2006இல் வழக்குத் தொடர்ந்தார்கள். இனிப்புக் காயை இடைவிடாமல் தின்று பல்லிழந்த ஓர் ஆட்டைக் கோர்ட்டுக்கே சாட்சியாகக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டிலும் கோர்ட்டு இதை விட்டுவைக்கவில்லை. 2017 பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென் ஜில்லாக்களில் இம்மரத்தை அகற்றும்படி கட்டளையிட்டது. விஞ்ஞான ஆராய்ச்சி இல்லாமல் அவசரப்படலாகாது என்ற ஆட்சேபணையின்மேல் சில மாதங்களுக்குள் அவ்வேலைக்கு இடைக்காலத் தடையும் பிறந்தது. 2022இல் தமிழ்நாடு சர்க்கார் அந்நியத் தாவரங்களை அகற்றி, நாட்டு மரங்களை மீட்பதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது.

நான் இவ்வளவு சொன்னதைக் கேட்டு, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் அங்கத்தினர்கள் மனம் வருந்தியிருக்கலாம். முன் வரிசையில் இருக்கும் ஐயா ஒருவர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவர் நினைப்பதை நானே சொல்லிவிடுகிறேன். மழை பொய்த்த வருஷங்களில் இந்த ஜில்லாவில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது வேலிக்காத்தான் விறகால். உலையில் அரிசி வந்ததும் அதன் கரியை விற்ற காசால். நெல் கைவிட்டபோது இந்த முள் கைவிடவில்லை. இதை மறைத்துப் பேசுகிறவர் குடியானவருடைய கஷ்டத்தை அறியாதவர். ஆகையால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் நீங்கள் கேட்கப்போவதில்லை. மூட்டத்துக்கு வேண்டிய மரத்தை எங்கே வைத்துக்கொள்வது, எங்கே வேரோடு எடுப்பது, எந்த நாட்டு மரத்தை அதன் வாயிலிருந்து காப்பாற்றுவது என்ற மூன்று கேள்விகளைத்தான் சங்கம் தீர்மானிக்கவேண்டும்.

சிலர், கள்ளியை ஒழித்ததுபோல் இதையும் ஒரு பூச்சியால் ஒழிக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். உங்களில் வயோதிகர்கள் தங்கள் பெரியோர் சொல்லக் கேட்டிருப்பார்கள்: ஒரு காலத்தில் இந்த ராஜதானி முழுவதும் சப்பாத்திக்கள்ளி மண்டிக் கிடந்தது. 1795இல் சிவப்புச் சாயப்பூச்சி என்று எண்ணி ஒரு பூச்சியைப் பிரேசில் தேசத்திலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது நல்ல சாயப்பூச்சி அல்ல, அதன் உறவு. அது ஒருவகைக் கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. அதன் பங்காளியான மற்றொரு கள்ளியைத் தொடவே இல்லை. அந்த இரண்டாவது கள்ளியை அடக்குவதற்கு 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைத் தருவிக்க வேண்டியதாயிற்று. பூச்சிகளுக்குப் பங்காளிகளைப் பிரித்தறியும் புத்தி சில சமயம் மிக நுட்பமாக இருக்கிறது. சில சமயம் இருப்பதில்லை. வேலிக்காத்தானின் விதையைத் துளைக்கும் ஒருவகை வண்டைத் தென்னாப்பிரிக்காவில் 1987இல் விட்டார்கள். மரத்தைக் கொல்லாமல் பரவுவதை மட்டும் தடுக்க வேண்டும் என்பதே விதையைத் தின்னும் பூச்சியைத் தேர்ந்தெடுத்த காரணம். ஆனால் அந்தத் தேசத்தில் வன்னி போன்ற உள்நாட்டு உறவு மரம் ஒன்றும் கிடையாது, தைரியமாக விட்டார்கள். இங்கே வன்னி இருக்கிறது. அவ்வண்டு வன்னியின் விதையையும் துளைக்குமானால், திருடனைப் பிடிக்கப் போய் வீட்டுக்காரனைக் கட்டிய கதையாகும். விருத்தாசலத்திலும் திருவான்மியூரிலும் ஸ்தல விருக்ஷமாக நிற்கும் மரம் அது. இராஜஸ்தானத்தில் கேஜர்லி என்ற கிராமத்தில் 1730இல் வன்னியை வெட்ட வந்த அரசன் ஆட்களைத் தடுத்து, 363 பேர் மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் கொடுத்தார்கள். அப்பேர்ப்பட்ட மரத்தைப் பரீட்சைக்கு வைக்கப் போதிய ஆராய்ச்சி இல்லாமல் யாரும் துணியலாகாது.

ஆகவே கையாலும் கடப்பாரையாலும் செய்யும் வேலைதான் நமக்கு மிஞ்சுகிறது. இப்போது உங்கள் தீர்மானத்துக்கு வருகிறேன்.

வியாபாரி கேட்டிருக்கும் ஒப்பந்தப்படி அவர் மரத்தைத் தரைமட்டத்தில் அறுத்து எடுத்துக்கொண்டு போவார்; வேர் உங்களுக்கு. இது அவருக்கு லாபம், உங்களுக்கு நஷ்டம். இரண்டு மழை பெய்தால் போதும், இப்போது நுழைந்து போகக்கூடிய தரிசில் அப்போது நாய் கூட நுழையமுடியாத புதர் எழும்பும். தூரை ஒரு சாண் முதல் முழ ஆழம் வரை தோண்டி, முளைவிடும் கணு எல்லாவற்றையும் எடுத்தால்தான் அது சாகும். அப்படித் தோண்டி எடுப்பதற்குக் கூலி அதிகம், வியாபாரி விலையைக் குறைப்பார். குறைக்கட்டும். எல்லாத் தரிசிலும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. கண்மாய்க்கு நீர் வரும் வாய்க்கால் ஓரத்துப் பட்டாக்கள், புஞ்சையாகத் திருத்தக்கூடிய நிலங்கள், நாட்டு மரங்கள் நிற்கும் இடங்கள் ஆகிய இவற்றை மட்டும் தூரோடு எடுக்கும் பாகமென்று தனியாக ஒதுக்கி வேறு விலை பேசுங்கள். உவர் ஏறி வேறொன்றுக்கும் உதவாத மேற்குப் பக்கத்துத் தரிசை மூட்டத்துக்கென்று வைத்துக்கொண்டு, பங்கு போட்டு முறைவைத்து அறுத்து வாருங்கள். அங்கே கூட, காய் பழுக்குமுன் வெட்டும்படி காலத்தை அமைத்துக்கொண்டால் விதை பரவுவது குறையும்.

தூரை எடுத்தபின் வேலை முடிந்தது என்று நினைப்பவர் ஆங்கிள்சித் தீவுக்காரரை நினைத்துக்கொள்ள வேண்டும். மண்ணில் விழுந்த விதை பல ஆண்டுகள் உறங்கியிருந்து முளைக்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் முளைத்த கன்றைப் பிடுங்கவேண்டும். ஈர மண்ணில் சிறு கன்றைப் பிடுங்குவது பிள்ளைகள் செய்யும் வேலை, இரண்டு வருஷம் விட்டால் ஆள் வைத்துத் தோண்டும் வேலை. இதற்காக விற்ற பணத்தில் ஒரு பாகத்தை அங்கத்தினர்களுக்குப் பிரித்துக் கொடுக்காமல், சங்கத்தில் தனி நிதியாக ஒதுக்கி வைக்கும்படி சிபார்சு செய்கிறேன். எவ்வளவு என்பது உங்கள் இஷ்டம். ஆனால் முழுவதையும் பிரித்துக்கொண்ட பிறகு அடுத்த ஆவணியில் கூலிக்குப் பணம் வசூல் செய்வது எவ்வளவு சுலபம் என்பதை உங்கள் பொக்கிஷதார் அவர்களே சொல்லுவார்.

காயைப் பற்றியும் ஒரு வார்த்தை. காய் நல்ல தீவனம், அதை வீணாக்குவானேன்? உலர்த்தி மில்லில் நொறுக்கி, விதையும் மாவாகும்படி செய்து, மற்றத் தீவனத்தோடு அளவாகக் கலந்து கொடுத்தால், சத்தும் கிடைக்கும், முளையும் செத்துப்போகும். கீழே உதிர்ந்த காயைப் பெண்களும் பிள்ளைகளும் பொறுக்கிக் கொண்டுவந்தால் எடை போட்டு வாங்கிக்கொள்ளச் சங்கம் முன்வரலாம். கிடை போடுகிறவர்கள், காய்க் காலத்தில் மந்தையைச் சில நாள் வேறு தீவனத்தில் வைத்திருந்து பிறகு புஞ்சையில் மறிக்கட்டும்.

தூர் எடுத்த குழியைச் சும்மா விடலாகாது. வெறும் தரை இருந்தால் முதலில் வருகிறவன் யாரென்று உங்களுக்குத் தெரியும். அங்கே உடை, கருவேல், வெள்வேல், வன்னி இவற்றை நடுங்கள். வன்னி மெள்ளத்தான் வரும். கன்றைச் சுற்றி முள்வேலி போடாவிட்டால் ஆடு முதல் வாரத்திலேயே முடித்துவிடும். வெட்டிய வேலிக்காத்தான் கிளையே அந்த வேலிக்கு உதவும். காயை முன்பே ஆய்ந்துவிட்டுப் போடவேண்டும்.

இனி அடையாளம். முள்ளைப் பாருங்கள். வேலிக்காத்தானுக்கு இலை பிறக்கும் கணுவில் நீண்ட முள், பெரும்பாலும் இரட்டையாக நிற்கும். வன்னிக்குக் கணுக்களுக்கு இடையில், தண்டு நெடுகச் சிதறினாற்போல், அடி அகன்ற குட்டை முள். வேலிக்காத்தான் காய் தட்டையாக, தடித்து, வைக்கோல் நிறமாக இருக்கும். வன்னிக் காய் பயற்றங்காய் போல் மெலிந்து உருண்டிருக்கும். இவ்விரண்டுக்கும் பூ கதிர் கதிராக வரும். கருவேலுக்கு மஞ்சள் நிற உருண்டைப் பூ. காய் மணி கோத்தாற்போல் இடையிடையே சுருங்கியிருக்கும். உடைமரம் குடை விரித்தாற்போல் நிற்கும், காய் சுருண்டிருக்கும். அதை மயங்குவதற்கே இடமில்லை.

ஒப்பந்தத்தில் சேர்க்கவேண்டிய சரத்துகளை ஒரு காகிதத்தில் எழுதிக் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். அவற்றில் முதலாவது, சுண்ணாம்புக் குறியை வெட்டும் மரத்துக்கு இடாமல், வெட்டக்கூடாத மரத்துக்கு இடவேண்டும் என்பது. குறியுள்ள மரம் வெட்டப்பட்டால் வியாபாரி கட்டவேண்டிய தொகையையும் சபையோர் இன்றே நிர்ணயிக்கலாம். வாக்கு எடுப்பதற்கு முன்னால் வெயில் தாழ்ந்துவிடும் போலிருக்கிறது. ஆகையால் அக்கிராசனாதிபதி அவர்கள் உத்தரவு கொடுத்தால், சபையை அரை மணி நேரம் நிறுத்திவைத்து, குறி இட்டவரையும் அழைத்துக்கொண்டு, நாம் எல்லோருமாக அந்த வன்னி நிற்கும் இடம்வரை போய்வரலாம். பக்கத்திலேயே ஒரு வேலிக்காத்தானும் நிற்கிறது. இரண்டின் கிளையையும் கையில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து வாக்களியுங்கள்.